பெஞ்சிலிருந்து பார்த்த கபடி

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அரியலூர் டவுனுக்குச் சற்று வெளியே இருக்கிறது. சிமென்ட் லாரிகள் போகிற சாலை. மரத்து இலையெல்லாம் வருஷம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கும். அங்கே நான் பி.டி. சார். புதிதாகச் சேருகிற ஆசிரியர் யாராவது ஒரு வாரத்துக்குள் என்னிடம் வந்து, "சார், நீங்க டி.வி.ல கபடி வெளையாடுனவராமே?" என்று கேட்பார். "உக்காந்திருந்தேன் சார்" என்பேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பார். தன்னடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளதைத்தான் சொல்கிறேன்.

வடக்கே ஒரு பெரிய நகரத்தின் பெயரைத் தாங்கிய தொழில்முறை அணி அது. ஒரு சீசன் முழுக்க அதன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஏழு பேர் கோர்ட்டுக்குள் ஆடுவார்கள். ஐந்து பேர் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஐந்து பேரில் நான் நிரந்தரம். மற்றவர்கள் மாறுவார்கள், நான் மாறமாட்டேன். பெஞ்சுக்கென்று ஒரு கேப்டனை வைத்திருந்தால் அந்தப் பதவியை எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

எனது ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே. பச்சைமலை எதிரே நிற்கும். மழையை நம்பிய காடு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நாங்கள் கபடி ஆடிய இடம், மக்காச்சோளம் காயப்போடும் சிமென்ட் களத்துக்கும் பஞ்சாயத்து தண்ணீர் டேங்குக்கும் நடுவில் கிடந்த ஒரு மண் துண்டு. அகலம் போதாது. முறையான கபடிக் கோர்ட்டில் இரண்டு ஓரமும் ஒரு கீற்று இடம் விட்டிருப்பார்கள். அதற்கு லாபி என்று பேர். பாடி வருகிறவன் மேல் யாராவது கை வைத்த பிறகுதான் லாபிக்குள் கால் வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்தால், வைத்தவன் அவுட். எங்களுக்கு இருந்த இடத்தில் லாபிக்கு எங்கே போவது? அதனால் எங்கள் ஊர்க் கபடியில் லாபியே கிடையாது. டேங்குத் திண்டு வரைக்கும் எங்கள் ராஜ்யம். வெளியூர் டோர்னமெண்டுக்குப் போகும்போது மட்டும், கோயிலுக்குள் போகிறவன் செருப்பை ஞாபகமாகக் கழற்றுகிற மாதிரி, லாபியை ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

மாவட்ட அணிக்கு ஆடினேன். மாநில முகாமுக்குப் போனேன். அங்கே வந்து பார்த்த வடக்கத்தி ஆட்கள் என்னை எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததற்கும் கூப்பிட்டதற்கும் நடுவில் எனக்குக் கல்யாணம் முடிந்தது. பெண் ஊர் மீன்சுருட்டி. எங்கள் ஊரிலிருந்து போவதென்றால் பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் என்று மாறிப் போக வேண்டும். அவர்கள் பக்கம் நெல்லும் முந்திரியும். கபடி என்றால் பையன்கள் பொங்கலுக்குப் புரண்டு எழுந்திருப்பது என்ற அளவில்தான் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"கபடில நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பாடி வர்றவனப் புடிப்பேன்."

"புடிச்சு?"

"அவ்வளவுதான். வுடமாட்டேன்."

"இதுக்கா டி.வி.ல காட்டுறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இவள் ஒரே ஒரு தடவை நான் ஆடுவதைப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் அது வீம்புதான். போகப் போக அது ஏக்கமாக மாறிவிட்டது. வேறு யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரி, இவள் பார்க்க வேண்டும். நான் உருப்படியாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒரே காரியம் அது. அதை என் மனைவி பார்க்காமல் போனால், என்னில் பாதியைப் பார்க்காமலேயே குடும்பம் நடத்துகிறாள் என்றுதானே அர்த்தம்?

நான் கிளம்பிய அன்றைக்கு ஊரில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். 'எங்கள் மண்ணின் சிங்கமே' என்று போட்டு, என் போட்டோவுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு சிங்கத்தின் படம். சிங்கம் மூன்று நாள் ரயிலில் போய் இறங்கியது.

முகாமில் பேச்செல்லாம் இந்தி. எனக்கு அப்போது இந்தியில் தெரிந்தது சாப்பாடு, தண்ணீர், வலி என்கிற மூன்று சொற்கள். கோச் நல்ல மனிதர். ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. பாராட்டினாலும் திட்டினாலும் ஒரே முகம்தான். என்னோடு அறையில் தங்கியவன் அணியின் லெஃப்ட் கார்னர், ஹரியானாக்காரன். கார்னர் என்பவன் கோர்ட்டின் ஓரத்தில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைக் குறிவைப்பவன். அவனுக்குப் பக்கத்தில் ஒருவன் அவன் கையைக் கோத்துக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கத்து இடம்தான் என் இடம். அதாவது, அந்த இடத்தில் நிற்கும் ஆளுக்கு ஏதாவது ஆனால் என் இடம். அந்த மகராசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பெஞ்சில் இருப்பவன் சும்மா இருப்பதில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிரணியாக வரப்போகிறவர்களின் வீடியோவைப் போட்டுக் காட்டி, "நீ அவன், நீ இவன்" என்று எங்களுக்கு வேஷம் பிரித்துக் கொடுப்பார்கள். பயிற்சியில் நாங்கள் அந்த ஆட்களாக ஆட வேண்டும். அவன் எந்தக் காலை முன்னால் வைக்கிறான், பயந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறான், எல்லாம் அப்படியே வர வேண்டும். நான் இதில் கெட்டிக்காரன். ஒரு வாரம் இடதுகை ஆட்டக்காரனாக இருந்தேன். ஒரு வாரம் என்னைவிட ஒரு அடி உயரமானவனாக இருந்தேன். நான் எப்படி ஆடுவேன் என்பது மட்டும் அந்த அணியில் ஒருவருக்கும் தெரியாது. கோச் ஒருமுறை என் முதுகில் தட்டி, நீ செய்து காட்டியதால்தான் நேற்று அவனைப் பிடித்தோம் என்றார். சந்தோஷமாக இருந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அழுகை வந்தது.

சாப்பாடு இன்னொரு கொடுமை. ஹோட்டலில் நீளமாக மேஜை போட்டு வேகவைத்த கோழி, வேகவைத்த முட்டை, வேகவைத்த காய் என்று வைத்திருப்பார்கள். மனிதனையும் வேகவைத்துவிடுவார்களோ என்றிருக்கும். அவள் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியை ட்ராக் சூட் பையில் ஒளித்துக் கொண்டுபோய் எதன் மேலாவது தூவிக்கொள்வேன். ஹரியானாக்காரன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். தன் தட்டை நீட்டினான். அதற்குப் பிறகு பொடி சீக்கிரம் தீர்ந்தது. இரண்டாவது பொட்டலம் அனுப்பச் சொன்னபோது, "அங்க அவ்வளவு நல்லாச் சமைக்கிறாங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

தோற்ற பிறகு பஸ்ஸில் ஒருவரும் பேசமாட்டார்கள். அது எழுதாத சட்டம். ஆடியவர்கள் முன்னால் உட்கார்ந்து முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். பெஞ்சு ஆட்கள் பின்னால் இருப்போம். எங்களுக்கு வலிக்க ஒன்றும் இல்லை. வலி இல்லையே என்று வெட்கமாக இருக்கும். ஒருமுறை நானும் ஒரு ஐஸ் பை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கே அடி என்று யாரும் கேட்கவில்லை. அது உருகி என் கால்சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

பெஞ்சில் உட்காரவும் முறை இருக்கிறது. கேமரா எப்போது வேண்டுமானாலும் இந்தப் பக்கம் திரும்பும். கொட்டாவி விடக் கூடாது. காலை நீட்டக் கூடாது. நம்மாள் ஒரு புள்ளி எடுத்தால் எழுந்து கை தட்ட வேண்டும். முதல் ஆட்டம் முடிந்து போன் செய்தபோது அவள் சொன்னாள்.

"உங்களைக் காட்டுனாங்க. ஆனா நிமிஷத்துல போயிடுச்சு. எல்லாரும் ஒரே சட்டை போட்டிருக்கீங்க, யாரு என்னன்னே புரியல."

"சரி, கேமரா வந்தா நான் காதைத் தொடுறேன். அது உனக்குன்னு வச்சுக்க."

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடாகிவிட்டது. கேமராவில் சிவப்பு விளக்கு தெரிந்தால் என் கை காதுக்குப் போய்விடும். அவள் மீன்சுருட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள். முழுகாமல் இருந்ததால் அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வீடு முழுக்க ஆட்டத்தைப் பார்க்கும்; அவள் ஓரமாக உட்கார்ந்து பெஞ்சை மட்டும் பார்ப்பாள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. "இன்னைக்கு ரெண்டு தடவ தொட்டீங்க. ரெண்டாவது தடவ மூஞ்சி வாட்டமா இருந்துச்சு, சாப்பிடலையா?" என்று மட்டும் சரியாகச் சொல்வாள்.

"நான் எறங்கி ஆடுறப்ப காதெல்லாம் தொட முடியாது, தெரியுமில்ல?" என்று ஒருநாள் சொன்னேன்.

"எறங்குங்க மொதல்ல" என்றாள்.

அவள் கேலியாகச் சொன்னாலும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு வந்தவள், அப்படியே ஆட்டோ வைத்துக்கொண்டு கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் ஒரு தடவையாவது இறங்கி ஆட வேண்டும், ஆடினால் ஒரு மரக்கால் கம்பு கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று. விளைச்சலுக்கும் மாட்டுக்கும் வேண்டிக்கொள்கிற சாமியிடம் போய் லெஃப்ட் கார்னருக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெருமாளுக்குக் கபடி தெரியுமா என்று சிரித்தேன். "உங்களைத் தெரியும்ல, அது போதும்" என்றாள்.

சென்னையில் எங்கள் ஆட்டம் வந்தபோது ஊரிலிருந்து வேன் பிடித்து வந்துவிட்டார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். வேனில் குலுங்க விடமாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் நான் இறங்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சிங்கம் போட்ட அதே ஃப்ளெக்ஸைக் கழற்றி எடுத்து வந்து கேலரியில் விரித்துப் பிடித்துக்கொண்டு, "எறக்குங்கடா அவனை! எங்காளை எறக்குங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கோச் நிமிர்ந்து பார்த்தார். யாருடைய போட்டோ அது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் இவன்தான் என்று என்னைக் காட்டினார். கோச் என்னைப் பார்த்தார், ஃப்ளெக்ஸைப் பார்த்தார், மறுபடியும் ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். ஆட்டம் முடிந்து அவர்களை வெளியே பார்த்தபோது ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. "போய்ட்டு வரோம், நல்லாச் சாப்புடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள்.

அந்தச் சீசனில் எங்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. கடைசி ஆட்டம் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது கோச் என் தொடையில் தட்டினார். எனக்குப் புரியவில்லை. பெஞ்சில் தள்ளி உட்காரச் சொல்கிறார் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தேன். மறுபடி தட்டினார். அப்போதுதான் விளங்கியது. ட்ராக் சூட்டைக் கழற்றினேன். தலைக்குள் ஒரே ஒரு நினைப்பு. இப்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோர்ட்டுக்குள் கால் வைத்தேன். ரப்பர் விரிப்பு, மேலே அத்தனை விளக்கு. ஹரியானாக்காரன் கையை நீட்டினான், கோத்துக்கொண்டேன். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் பாடிக்கொண்டு வந்தான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் முழுக்க நானே அவனாக இருந்திருக்கிறேன். அவன் நேராக எங்கள் ஓரத்துக்கு வந்து, லாபிக் கோட்டுக்கு உள்ளேயே நின்றபடி உடம்பை மட்டும் வெளியே சாய்த்தான். கார்னர் அவன் காலுக்குப் பாய்வது போலக் குனிந்தான். தொட்டுவிட்டான் என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. அவன் தப்பிக்கும் வழியை மறிக்க, எங்கள் ஊரில் டேங்குத் திண்டை ஒட்டி வளைப்பேனே, அந்த மாதிரி ஓரமாக வளைத்துக்கொண்டு பாய்ந்தேன். கார்னர் என் கையை இறுக்கிப் பின்னால் இழுத்தான். நான் உதறினேன்.

விசில் அடித்தது. கார்னர் தொடவே இல்லை. என் கால் லாபிக்குள் இருந்தது. அவுட்.

ஒரே ஒரு ரெய்டு, அதாவது ஒருவன் ஒருமுறை பாடி வந்து போகிற நேரம், அவ்வளவுதான் நான் ஆடியது. அவுட்டானவர்கள் கோர்ட்டுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வேண்டும். நம்மாள் எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால், முதலில் அவுட்டானவன் எழுந்து உள்ளே போகலாம். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவனும் போனான். அடுத்தது நான். விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி எடுத்துக் கொடுங்கடா என்று தமிழில் கெஞ்சினேன். எங்கள் ஆள் கடைசியாகப் பாடிப் போய் வெறுங்கையோடு திரும்பினான். மணி அடித்துவிட்டது. வாழ்க்கையில் நான் எதற்காகவும் அப்படி ஏங்கியதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஹோட்டலுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். கேலி செய்வாள், தாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அவள் குரல் கம்மியிருந்தது.

"ஏங்க, நடுவுல எங்க போனீங்க?"

"எங்க போனேனா?"

"பெஞ்சுல ஆளக் காணும். எனக்கு உசுரே இல்ல. அடிகிடி பட்டுடுச்சோ, வேணாம்னு அனுப்பிட்டாங்களோன்னு அந்த பெஞ்சையே பாத்துக்கிட்டு கெடந்தேன். தம்பி வேற மாமா, மாமான்னு கத்துறான். எங்கடா மாமான்னு நானும் பெஞ்சுல தேடுறேன், காணும். அப்புறமா பின்னால வரிசைல உக்காந்திருக்குறதக் காட்டுனாங்க. அப்பாடான்னு இருந்துச்சு."



"நான் உள்ள எறங்கி நின்னேன். நீ பாக்கலையா?"



"எப்போ?" என்றாள்.

அவளைக் கோபித்து என்ன பயன்? காதைத் தொடுகிறேன், பெஞ்சைப் பார் என்று பழக்கியவன் நான். சீசன் முழுக்க அவள் கண் அந்த இடத்துக்கே போய்ப் பழகிவிட்டது. என் மச்சினன் எங்கிருந்தோ அந்த ரெய்டின் வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறான். கேமராக்காரனுக்குப் பாடி வந்தவன்தானே முக்கியம்? லாபிக்குள் விழும் என் கால் மட்டும் அதில் தெரியும். "ஒங்க கால்தான்னு கண்டுபுடிச்சிட்டேன்" என்றாள் பெருமையாக.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் கழித்துக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு கல்லங்குறிச்சிக்குக் கம்பு கொண்டுபோனோம். நான் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன். ஒரு ரெய்டுக்கு ஒரு மரக்கால் அதிகம், பெருமாள் பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு சொன்னதச் செஞ்சிட்டாரு. எறங்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன், எறக்கி வுட்டாரு. நான் பாக்கணும்னு சேத்து வேண்டிக்க எனக்குத்தான் தோணல" என்றாள். கம்பைக் கொட்டும்போது அவள் கண்கள் நிறைந்திருந்தன. நான் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என்னை யாரும் எடுக்கவில்லை. ஒரு ரெய்டு ஆடி லாபியில் விழுந்தவனை யார் எடுப்பார்கள்? உள்ளூர் டோர்னமெண்டுகளில் ஆடினேன். அதற்கெல்லாம் கைக்குழந்தையோடு அவளால் வர முடியாது. இவளுக்கு ஓய்வு கிடைக்கட்டும், ஒரு நல்ல ஆட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று நாளைக் கடத்தினேன். நாமக்கல் பக்கம் ஓர் ஆட்டத்தில் முட்டியில் ஜவ்வு கிழிந்தது. திருச்சியில் ஆபரேஷன். இனி கபடியைப் பார்க்கலாம், ஆடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை என்னைவிட இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டினால்கூட எப்படியோ இவளுக்குச் சேதி வந்துவிடும். அன்றைக்கு வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது.

போன தை மாதம் காணும் பொங்கலுக்கு மீன்சுருட்டியில் இருந்தோம். அங்கே வருஷா வருஷம் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி வைப்பார்கள். ஆகாதவர்களுக்கு என் மச்சினன் தலைவன். அவனுக்கு வாய் அதிகம்.

"மாமா, டி.வி.ல உக்காந்த மாதிரி இங்கயும் ஒரு சேர் போடவா?" என்று மைக்கிலேயே கேட்டான்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போல. இவள் என் பக்கத்தில் நின்றாள், என்னையே பார்த்தாள். தம்பியைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"போங்க" என்றாள்.

"முட்டி?"

"ஒரே ஒருத்தனப் புடிச்சிட்டு வந்துடுங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன். பாக்குறேன்."

எத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தை! வேட்டியை அவிழ்த்துவிட்டு மச்சினனின் அரைக்கால் சட்டையையே வாங்கிப் போட்டுக்கொண்டேன். இடுப்பு பிடித்தது. அவளிடம் போய், "இடது ஓரத்துல நிப்பேன். வேற எங்கயும் பாக்காத. என்னை மட்டும் பாரு" என்று, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். சரி, சரி என்று தலையாட்டினாள். எங்கள் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மச்சினனே பாடி வந்தான். தொடையைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். மண் தரை. சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு வெளியே கால் வைக்காமல் அசையாமல் நின்றேன். அவன் காலை நீட்டி என்னைச் சீண்டினான். ஒரு தடவை விட்டேன். இரண்டாவது தடவையும் விட்டேன். மூன்றாவது தடவை கால் முழுசாக வந்தது. எப்படிக் குனிந்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு கையும் அவன் கணுக்காலைப் பூட்டிவிட்டன. அவன் துள்ளினான், இழுத்தான், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்து விழுந்தான். நான் விடவில்லை. வாயெல்லாம் மண். பாட்டு நின்றது. விசில் அடித்தது. அவன் கீழே கிடந்தபடி, "மாமா, வுடுங்க மாமா, அவுட்டுதான்!" என்று கத்தினான். நான் அப்போதும் விடவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு என் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை.

தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.

அவள் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றிருந்தாள். மகள் அவள் புடவையைப் பிடித்து உலுக்கி, "அம்மா, அப்பா புடிச்சிட்டாரும்மா! பாரும்மா!" என்று குதித்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மண்ணைத் தட்டக்கூட இல்லை, நேராக அவளிடம் போனேன்.

"பாக்குறேன்னுதானே சொன்ன?"

அவள் கையை எடுத்தாள். கன்னமெல்லாம் ஈரம். முதலில் என் முட்டியைப் பார்த்தாள், குனிந்து தொட்டுப் பார்த்தாள், அப்புறம்தான் என் முகத்துக்கு வந்தாள்.

"அவன் காலை நீட்டுறவரைக்கும் பாத்துக்கிட்டுத்தாங்க இருந்தேன்" என்றாள். "நீங்க கீழ விழப்போறீங்கன்னு தெரிஞ்ச பொறவு நான் எப்புடிங்க கண்ணத் தொறந்து வச்சிருக்கறது?"